ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள்: சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் ஆலோசனை கேட்டு வருகிற பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. தேர்வைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை தாள்கள், எந்தப் பயிற்சி மையம், முதல் முயற்சியிலேயே தேற முடியுமா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். அந்தப் படிப்பின் நடுவில் பிள்ளை இரண்டு ஆண்டுகள் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்து வேலை பழக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும், அதை ஒரு சடங்காகவே நினைக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் அலுவலகம் கிடைத்தால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில், தேர்வில் தேறிய பிறகு ஒருவர் எவ்வகைக் கணக்காளராக இருக்கப்போகிறார் என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டு ஆண்டுகள்தான். அவற்றைத் திட்டமிட்டுத் தொடங்கி முறையாக முடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பயிற்சிக்குத் தகுதி பெறுதல்

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் கீழ் அமைந்தது. அது 2023 ஜூலை மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

ஃபவுண்டேஷனுக்குப் பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாலும், பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிறகுதான் தேர்வை எழுத முடியும். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும் அடங்கிய தாள், பொருளியல் என நான்கு தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 40 மதிப்பெண்ணும் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். கடைசி இரண்டு தாள்களில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும். எனவே, பள்ளித் தேர்வில் பழகியதுபோல ஒரு கேள்வியையும் விடாமல் எழுதிவிட்டு வரும் வழக்கம் இங்கே உதவாது.

பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் தாமதமாக இத்துறைக்கு வருகிறவர்களுக்கு வேறு வாயில் இருக்கிறது. வணிகவியல் பட்டதாரிகள் 55 விழுக்காட்டுடனும் பிற பட்டதாரிகள் 60 விழுக்காட்டுடனும் தேறியிருந்தால், ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். முந்தைய திட்டத்தில் இப்படிச் சேர்ந்தவர்கள் தேர்வுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கினார்கள். இப்போது அவர்களும் இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். பழைய விதியை நினைவில் வைத்துக்கொண்டு உறவினர்கள் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறிப்போகின்றன.

இன்டர்மீடியட்டுக்கு எட்டு மாதப் படிப்புக் காலம் விதிக்கப்பட்டிருக்கிறது. ஆறு தாள்கள் இரண்டு குரூப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு குரூப்பில் தவறினாலும் அதில் ஒரு தாளில் 60 மதிப்பெண் எடுத்திருந்தால், அடுத்த மூன்று முயற்சிகளுக்கு அந்தத் தாளை மீண்டும் எழுத வேண்டியதில்லை. 2024-இலிருந்து ஃபவுண்டேஷனும் இன்டர்மீடியட்டும் ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால், ஒரு தோல்வி முன்போல ஆறு மாதங்களை விழுங்குவதில்லை.

இரண்டு குரூப்பும் முடிந்த பிறகு, ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். என்று அழைக்கப்படும் நான்கு வாரப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். பாதிக் காலம் தகவல் தொழில்நுட்பம், மீதிப் பாதி அலுவலகப் பழக்கவழக்கம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் இதை முடித்து வைத்துக்கொண்டவர்கள், முடிவு வந்த மறுநாளே அலுவலகம் தேடக் கிளம்பலாம். மற்றவர்கள் அப்போதுதான் வகுப்பில் இடம் தேடுவார்கள்.

இரண்டாம் படி: அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நிதானமாகப் படிக்க நேரம் இருக்குமானால், இதைப் படியுங்கள்.

பரவலாக மூன்று வகை அலுவலகங்கள் இருக்கின்றன. டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. என்னும் நான்கு பன்னாட்டு வலைப்பின்னல்களைச் சார்ந்தவையும் அவற்றை ஒத்த பெரிய நிறுவனங்களும் முதல் வகை. சில பங்குதாரர்களும் பத்திருபது ஆர்ட்டிகிள்களும் உள்ள நடுத்தர அலுவலகங்கள் இரண்டாம் வகை. ஓர் ஆடிட்டர் தனியாக நடத்துவது மூன்றாம் வகை. பெரிய இடத்தில் உதவித்தொகை கூடுதலாகக் கிடைக்கும், பெயரும் பின்னால் பயன்படும். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் தணிக்கையில் நிலையான சொத்துகள் என்ற ஒரே தலைப்பை ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மளிகைக் கடைக்காரரின் வருமான வரி விவர அறிக்கையைத் தயாரிக்கத் தெரியாமல் வெளியே வருபவர்களும் உண்டு. தனி ஆடிட்டரிடம் எல்லா வேலையும் கைக்கு வரும். ஆனால் அங்கே வரித் தாக்கல் மட்டுமே நடந்து, நிறுவனத் தணிக்கை என்பதையே கண்ணால் பார்க்காமல் இரண்டு ஆண்டுகள் போய்விடும் வாய்ப்பும் இருக்கிறது. எந்தப் பிரிவில் நிலைக்கப்போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு நடுத்தர அலுவலகமே பொருத்தம் என்பது என் கணிப்பு.

எனினும் அளவைக் காட்டிலும் முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் முடித்துக் கொடுக்கும் வேலையை அங்கே யார் உட்கார்ந்து படித்துத் திருத்துவார்? நான் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், ஒரு வாடிக்கையாளரின் ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிடும் ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தேன். இருபுறமும் ஒரு ரூபாய் வித்தியாசமின்றிப் பொருந்தியதில் எனக்குப் பெருமை. அலுவலகத்தின் மூத்த ஆடிட்டர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, ஆகஸ்டில் கொடுத்த காசோலை மார்ச் முடிந்தும் வங்கிக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். காசோலைக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்பது பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தத் தொகை யாருக்குக் கொடுக்கப்பட வேண்டியது, ஏன் கேட்டு வரவில்லை, உண்மையில் அந்தச் செலவு நடந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. கணக்குப் பொருந்துவதும் கணக்கு சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதை அன்றைக்கு அந்த ஒரு கேள்வியில் கற்றுக்கொண்டேன். அந்தப் பட்டியலை யாரும் படிக்காமல் கோப்பில் செருகியிருந்தால், பயிற்சிக் காலம் முழுவதும் அதே தவறை நேர்த்தியாகச் செய்துகொண்டிருந்திருப்பேன்.

ஆகவே நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் சில கேள்விகளைக் கொண்டு செல்லுங்கள். பணிவாகக் கேட்டால் எந்த ஆடிட்டரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. செய்த வேலையைப் பதிவு செய்யும் ஒர்க்கிங் பேப்பர்களை யார் சரிபார்க்கிறார், குறிப்புகளை எழுதித் தருவாரா அல்லது தாமே திருத்திவிடுவாரா, ஒரே ஆர்ட்டிகிள் தணிக்கை, வருமான வரி, ஜி.எஸ்.டி. மூன்றையும் பார்க்க வாய்ப்பு உண்டா, தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பவை போதும். முடிந்தால், அந்த அலுவலகத்தில் இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவரிடம் தேநீர் நேரத்தில் பேசிப் பாருங்கள். "சார் என்ன சொல்லித் தருவார்?" என்று கேட்காமல், "போன வாரம் நீங்கள் செய்த வேலையில் என்ன தவறு கண்டுபிடித்தார்?" என்று கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால், அங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிலர் பெயரளவுக்கு ஓரிடத்தில் பதிவு செய்துவிட்டு முழுநேரமும் வீட்டில் தேர்வுக்குப் படிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். அது பதிவு செய்கிற ஆடிட்டருக்கும் மாணவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையைக் கொண்டுவரக்கூடிய முறைகேடு. அதற்கு அப்பால், ஃபைனல் தணிக்கைத் தாளின் கேள்விகள் அலுவலகத்தில் உட்காராதவரை எளிதில் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

மூன்றாம் படி: பதிவும் ஒப்பந்தமும்

யாரிடம் சேர்கிறீர்களோ அவர், அதாவது உங்கள் பிரின்சிபல், தொழில் நடத்துவதற்கான சான்றிதழ் வைத்திருக்கும் கழக உறுப்பினராக இருக்க வேண்டும். அவர் எத்தனை ஆர்ட்டிகிள்களை வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய தொழில் அனுபவ ஆண்டுகளைப் பொறுத்தது. எனவே இடம் காலியாக இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பயிற்சி ஒப்பந்தம் படிவம் 102-இலும், பதிவுக்கான விவரங்கள் படிவம் 103-இலும் அமையும். இவை கழகத்தின் மாணவர் இணையதளம் வழியாக, சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். இந்தக் காலவரையறையை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். தாமதமானால் பாதிக்கப்படுவது உங்கள் பயிற்சிக் காலம்தான்.

உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவைக் கழகமே விதித்திருக்கிறது. ஊரின் மக்கள்தொகைக்கும் பயிற்சி ஆண்டுக்கும் ஏற்ப அது மாறும். அது உங்கள் வங்கிக் கணக்கின் வழியாக வர வேண்டுமே தவிர, கையில் ரொக்கமாக அல்ல. ஆர்ட்டிகிளாகச் சேர்த்துக்கொள்வதற்காக யாராவது உங்களிடம் பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வாரத்துக்கு 35 மணி நேரம் என்பது பயிற்சியின் அடிப்படை வேலைநேரம். பட்டப்படிப்பு போன்ற வேறு படிப்பைத் தொடர்ந்து செய்பவர்கள் படிவம் 112 வழியாக அனுமதி பெற வேண்டும். இடையில் அலுவலகம் மாறுவது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும் என்பதால்தான் இரண்டாம் படியில் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னேன்.

நான்காம் படி: முதல் ஆறு மாதங்கள்

ஆடிட்டர் அலுவலகத்தின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் வாரங்களில் வங்கிக் கிளைத் தணிக்கைக்காகப் பாதி அலுவலகம் வெளியூரில் இருக்கும். ஜூலை 31 வணிக வருமானம் இல்லாத தனிநபர்களின் வருமான வரித் தாக்கலுக்கும், செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கைக்கும் கடைசி நாள் என்பதால், ஜூலையும் செப்டம்பரும் விளக்கு அணையாத மாதங்கள். இவற்றின் ஊடே ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி டி.டி.எஸ். எனும் மூலத்தில் பிடித்த வரியைச் செலுத்துதல், 11-ஆம் தேதி விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி வரியைக் கட்டும் சுருக்க விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்று சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். கடைசி நாட்கள் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதுண்டு. நீட்டிப்பை நம்பி வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். இந்த நாள்காட்டியை முதல் வாரத்திலேயே எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால், எந்த வேலை எப்போது வரும் என்பது தெரிந்து, அதற்கு முன் அந்தப் பாடப்பகுதியைப் புரட்டிவிட்டு உட்காரலாம்.

முதலில் கைக்கு வருவது வவுச்சிங், அதாவது கணக்கில் எழுதியவற்றை அவற்றுக்கான சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. புதிதாக வருபவர்கள் இதை அலுப்பாக நினைக்கிறார்கள். வவுச்சர் இருக்கிறதா, தொகை சரியா, கையொப்பம் உண்டா என்று டிக் போட்டுக்கொண்டே போவதுதான் வவுச்சிங் என்றால் அது அலுப்புத்தான். ஒரே நாளில் ஒரே நபருக்கு 9,500 ரூபாய் வீதம் மூன்று ரொக்க வவுச்சர்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தனியே சரியானதுதான். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வணிகச் செலவை வருமான வரிச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் மூன்றும் விழுந்துவிடும். வவுச்சரைத் தனித்தனியாகப் பார்க்காமல் தேதிவாரியாகவும் பெயர்வாரியாகவும் பார்க்கிற கண் வந்துவிட்டால், பேரேடான லெட்ஜரைப் பார்க்கிற கண்ணும் தானாகவே வரும்.

சரக்கு இருப்பைச் சரிபார்க்க அனுப்பப்படும்போது, பட்டியலில் உள்ளவை கிடங்கில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கிடங்கில் கண்ணில் படும் சில பொருட்களை நீங்களே தேர்ந்தெடுத்து, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதல் வழி இல்லாததை இருப்பதாகக் காட்டியதைப் பிடிக்கும். இரண்டாவது வழி இருப்பதை மறைத்ததைப் பிடிக்கும். ஜி.எஸ்.டி. வேலையில் கொள்முதல் பதிவேட்டை, விற்றவர்கள் தாக்கல் செய்ததைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யுடன் ஒப்பிடுவதும் இதே தர்க்கம்தான். விற்றவர் தம் விவரத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் வாங்கியவருக்கு, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்பதால், வாடிக்கையாளரின் பணம் நேரடியாகப் பாதிக்கப்படும் இடம் அது.

இந்த ஆண்டுகளில் சேர்பவர்களுக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. ஒரு வகையில் அது வாய்ப்பும்கூட. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில், 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வருமானம் ஈட்டிய முந்தைய ஆண்டு, அதற்கு வரி கணக்கிடும் மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கு போய் வரி ஆண்டு என்ற ஒரே சொல் வந்துவிட்டது. ஆனால் பழைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்களும் மேல்முறையீடுகளும் பழைய சட்டத்தின்படியே தொடரும். இரண்டு சட்டங்களின் பிரிவுகளையும் இணையாக வைத்துப் பழகுகிற ஆர்ட்டிகிள், பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் மூத்தவர்களுக்கே உதவக்கூடியவராகிறார்.

ஐந்தாம் படி: திருத்தப்படுவதற்குப் பழகுதல்

கொடுத்த வேலையை முடித்தவுடன், இன்னொருவர் உங்களிடம் எதுவும் கேட்காமலே புரிந்துகொள்ளும்படி ஒர்க்கிங் பேப்பர் எழுதுங்கள். எதைப் பார்த்தீர்கள், எந்தக் காலத்துக்குப் பார்த்தீர்கள், மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். தணிக்கை ஆவணங்களைப் பற்றிய தணிக்கைத் தரநிலை 230 கேட்பதும் சாரத்தில் இதையே. "சரிபார்க்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் ஒர்க்கிங் பேப்பர் ஆகாது.

திருத்தம் வந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறந்துவிடாமல், தனியாக ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தவறு, ஏன் நேர்ந்தது, எந்த விதி அல்லது பிரிவு. என்னுடைய நோட்டில் முதல் மூன்று மாதங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் அறியாமையால் வந்தவை அல்ல, கேட்கக் கூச்சப்பட்டு ஊகித்ததால் வந்தவை. வாடிக்கையாளரின் கணக்காளர் உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். அவரை "அண்ணா" என்றோ "சார்" என்றோ அழைத்து மரியாதையாகக் கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரங்களைச் சொல்வார். ஆனால் அவர் சொன்னது விளக்கம்தான், சான்று அல்ல. ஆவணத்தைக் கேட்டு வாங்கிய பிறகே அதை எழுத வேண்டும்.

வாடிக்கையாளர் விவரங்களை வெளியில் பேசுவதில்லை என்பது சொல்லாமலே தெரிய வேண்டிய விதி. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இருப்புநிலைக் குறிப்பின் படத்தைப் போட்டு ஐயம் கேட்பதும் அந்த விதிக்குள் அடங்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ஆறாம் படி: தேர்வையும் வேலையையும் ஒன்றாகக் கொண்டுபோதல்

பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுத முடியும் என்பதால், படிப்பை அந்த ஆறு மாதத்துக்கே தள்ளிவைத்துவிடத் தோன்றும். ஆறு தாள்களுக்கு அது போதாது. புதிய திட்டத்தில் நான்கு சுயகற்றல் தொகுதிகளை இணையவழியில் படித்து, ஒவ்வொன்றிலும் 50 விழுக்காட்டுடன் தேறிய பிறகே ஃபைனலுக்கு உட்கார முடியும். இவற்றைப் பயிற்சிக் காலத்திலேயே, வேலைப்பளு குறைவாக இருக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒவ்வொன்றாக முடித்துவிடுவது நல்லது. மேம்பட்ட தகவல் தொழில்நுட்ப, மேலாண்மைத் திறன் வகுப்புகளும் அப்படியே. விடுப்பு முன்பைவிட மிகக் குறைவு. அதை உதிரி உதிரியாகச் செலவழிக்காதீர்கள்.

வேலை நாளில் இரவு பத்து மணிக்கு மேல் நான்கு மணி நேரம் படிப்பேன் என்று போடும் அட்டவணைகள் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம், அதுவும் அன்று அலுவலகத்தில் செய்யவிருக்கும் வேலையோடு தொடர்புள்ள பாடம் என்று வைத்துக்கொண்டால் நிற்கும். காலையில் படித்த பிரிவைப் பிற்பகலில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் காண்பது வேறு எந்தக் குறிப்பேட்டையும்விட நினைவில் தங்கும்.

நிறுவனங்களின் நிதிப் பிரிவில் வேலை செய்ய விரும்புபவர்கள், பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் 9 முதல் 12 மாதம் வரை தொழில் நிறுவனம் ஒன்றில் பெறும் பயிற்சிக்கு மாறிக்கொள்ளலாம். தணிக்கையிலேயே நிற்கப்போகிறவருக்கு அது தேவையில்லை. கையெழுத்திடும் பொறுப்புக்கு அருகில் இருப்பதே அவருக்கு நல்லது.

ஏழாம் படி: வெளியே வரும்போது

கடைசி மூன்று மாதங்களில், புதிதாகச் சேர்ந்த ஆர்ட்டிகிள்களின் வேலையை முதற்கட்டமாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான பிரின்சிபல்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். அவர்களுக்கும் ஒரு சுமை குறைகிறது. அடுத்தவர் எழுதிய ஒப்பீட்டுப் பட்டியலில் பொருந்தியிருக்கும் எண்களுக்கு நடுவே பொருந்தாத கதையைத் தேடுவது, ஃபைனலில் வழக்குக் குறிப்புகளைப் படித்து விடை எழுதும் தாளுக்கு மிகச் சிறந்த பயிற்சி. வேலை நேர்காணல்களிலும் பயன்படும். கழகம் புதிதாகத் தேறியவர்களுக்காக நடத்தும் வளாக வேலைவாய்ப்பு நேர்காணலில், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதோடு எதைக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேட்பார்கள். அப்போது அந்தத் திருத்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் பெயரைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல அதில் நிறைய இருக்கும்.

பயிற்சி முடியும் நாளுக்கு முன், கையில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் எது முடிந்தது, எது நிலுவை, யாரிடமிருந்து என்ன ஆவணம் வர வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒப்படையுங்கள். படிவம் 108 எனப்படும் பயிற்சி நிறைவுச் சான்றைப் பிரின்சிபலிடம் கையொப்பம் பெற்றுக் கழகத்துக்கு அனுப்பி, அது ஏற்கப்பட்டதை இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். செப்டம்பரில் பயிற்சி முடிகிறவர்கள் அந்தக் கையொப்பத்தை மாதத் தொடக்கத்திலேயே நினைவூட்டிவிடுவது நல்லது. 25-ஆம் தேதிக்குப் பிறகு எந்த ஆடிட்டரும் வரித் தணிக்கையைத் தவிர வேறு காகிதத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.